உறை எண் நூற்றுப் பதினேழு

உறையைக் கிழிப்பது என் வேலை.
உள்ளே ஒரு சீட்டு, சீட்டில் ஒரு சொல்:
'கம்பிவலை', இல்லையென்றால் 'மருந்து'.
எந்த உறையில் எது என்பது
பெய்ஜிங்கில் ஒரு கணினிக்கு மட்டும் தெரியும்;
தெரிந்தும் அதற்கு ஒன்றுமில்லை.

ஹார்பினில் அன்று மைனஸ் இருபத்தெட்டு.
சன்னலின் உட்பக்கமே பனி பூத்திருந்தது.
தாவ் ஷுன்ஹே, அறுபத்தொரு வயது,
சோங்ஹுவா ஆற்றில் பனிக்கட்டி அறுப்பவர்.
மூளையின் நடுத்தமனியில்
எழுபத்தாறு சதம் அடைப்பு.
படத்தில் அந்த இடம்
சுருக்கிட்ட பையின் கழுத்துபோல் இருக்கும்.
ஒரு காலை ரம்பம் கைநழுவியதும்
மனைவியின் பெயர் அரைமணி நேரம் வராததும்
அதனால்தான்.

'மருந்து' என்று வாசித்தேன்.
முகம் தொங்கிப்போயிற்று அவருக்கு.
"ஆறு மணி நேரம் பஸ்ஸில் வந்தது மாத்திரைக்கா?
அடைத்துக்கொண்டால் உடைக்க வேண்டும், பெண்ணே.
முப்பது வருஷம் அதைத்தான் செய்கிறேன்."

டாக்டர் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன்:
ஆஸ்பிரின், கூட இன்னொன்று, தொண்ணூறு நாள்.
கொழுப்புக்கு ராத்திரி ஒன்று.
ரத்த அழுத்தம் நூற்று நாற்பதுக்குக் கீழே.
சிகரெட் கூடாது, முட்டைக்கோஸ் ஊறுகாயும்.
"அதற்கு என்னைக் கொன்றே போட்டுவிடுங்கள்" என்றார்.
ஊறுகாய்க்குத்தான் அப்படிச் சொன்னார்.

அடுத்த உறை
லுவோ ஜிங்ஃபு, அக்கார்டியன் பழுதுபார்ப்பவர்.
'கம்பிவலை'.
நானே பார்த்து எடுத்துக் கொடுத்ததுபோல
அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.
தொடையில் நுழைந்த கம்பி
கழுத்தேறி, எலும்புக்குள் வளைந்து வளைந்து
சேர வேண்டிய இடம் சேர்ந்தது.
படம் அழகாக இருந்தது, யாரும் மறுக்க முடியாது.
மூன்றாம் இரவு,
அந்தத் தமனியிலிருந்து பிரியும் மயிரிழைக் குழாய்கள்,
எந்தப் படத்திலும் விழாதவை,
வலை நெருக்கித் தள்ளிய கொழுப்பில் மூடிக்கொண்டன.

இப்போது அவரிடம் ஒரு சொல் மிச்சம்: சரி.
வலிக்கிறதா? சரி.
பசிக்கிறதா? சரி.
அக்கார்டியனை மடியில் வைத்தால்
இடது கை துருத்தியை இழுக்கிறது.
வலது கை கட்டைகளின்மேல் கிடக்கிறது.
தாளம் வருகிறது, மெட்டு வரவில்லை.

மருந்துதான் உசத்தி என்று நான் சொல்ல வரவில்லை.
நூற்று மூன்றாம் உறை மருந்து;
அவள் மார்ச்சில் போய்விட்டாள்.
தொண்ணூற்றொன்பது கம்பிவலை;
அவன் சறுக்கு வண்டி ஓட்டுகிறான்.
கூட்டிக் கழிக்கிற நாளில்
ஒரு தட்டு தாழும் என்கிறார்கள்.
அதுவரை கிழிக்கிறேன், எழுதுகிறேன்.

மாதம் ஒருமுறை தாவுக்குப் போன்.
அச்சிட்ட கேள்விகள், அதே வரிசை.
கை மரத்ததா? இல்லை.
மாத்திரை தவறியதா? இரண்டு.
ஏனென்று எழுதப் படிவத்தில் இடமில்லை.
நடக்கிறீர்களா?
"ஆற்றின்மேல்தான். அறுப்பதில்லை.
காதை வைத்துப் படுத்தால்
இரண்டு முழப் பனிக்கு அடியில்
தண்ணீர் போய்க்கொண்டுதான் இருக்கிறது.
ரம்பச் சத்தத்தில் இத்தனை நாள் கேட்கவில்லை."
இப்படியெல்லாம் பேசுகிறவர் இல்லை.
குடித்திருந்தார் போல.

பிறகு கேட்டார்:
"எனக்கு வரவேண்டிய கம்பி யாருக்குப் போயிற்று?"
சொல்லக் கூடாது.
கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
தாழ்வாரத்தின் கோடியில்
சக்கர நாற்காலியின் ஒரு சக்கரம் கிறீச்சிட்டது.
"அந்த ஆளாவது நன்றாக இருக்கிறாரா?"

"சரி" என்றேன்.
என்றுவிட்டு, விரலால் வரியைத் தேடி
அடுத்த கேள்விக்குப் போனேன்.
உப்பு.