பன்றிக்களை

தொண்ணூறு நாள் என்பது கணக்கு.
விமான நிலையத்தில் கை குலுக்கிய நாளிலிருந்து எண்ண வேண்டும்.
அதற்குள் ஒரு வீடு, ஒரு வேலை,
பிள்ளைகளுக்குத் தடுப்பூசி, பஸ் மாறத் தெரிதல்,
சமையலறைப் புகைமணி அலறினால்
கட்டிலுக்கடியில் ஒளியாதிருத்தல்.
பிறகு நான் கோப்பை மூடிவிடுவேன்.
எனக்குச் சம்பளம் அதற்குத்தான்.

நபிந்து பிப்ரவரியில் வந்தாள்.
நான்கு பிள்ளைகள், ஒரு வெள்ளைப் பை.
பதினேழு வருஷ முகாம் அதற்குள் மடிந்து கிடந்தது.
ஐடஹோவில் அன்று பனி.
கடைக்குட்டி அசிஃபிவே அதை நக்கிப் பார்த்து
உப்பில்லை என்றான்.

தேவாலயத்துக்குப் பின்னால்
கார் நிறுத்த ஒதுக்கி, நிறுத்தாமல் விட்ட நிலத்தில்
பதினான்காம் பாத்தி அவளுக்கு விழுந்தது.
பதின்மூன்றில் பூட்டானிலிருந்து வந்த திகா மாயா.
பதினைந்தில் யாரோடும் பேசாத ஈராக்கியப் பல் மருத்துவர்;
அவர் வெண்டையை மட்டும் நம்பினார்.

மே மாதம் உறைபனி ஓய்ந்ததும்
கிடெங்கே துணியின் ஓர மடிப்பைப் பிரித்து
கடுகைவிடச் சின்ன விதைகளை எடுத்தாள்.
கறுப்பு. மினுமினுப்பு.
விதைத்த மறுநாள் தொண்ணூறாம் நாள்.

படிவத்தின் கடைசிக் கேள்வி:
தன் காலில் நிற்கிறாரா? ஆம், இல்லை.
தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் அதைச் சுவாஹிலியில்
எப்படிச் சொன்னாரோ,
தனியாக நிற்கிறாயா என்று போய்ச் சேர்ந்திருக்கிறது.
கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
பிறகு, "நான் என்ன தப்பு செய்தேன்?"

ஆம் என்ற கட்டத்தில் கோடு போட்டேன்.
எனக்கும் இப்படி ஒரு கோப்பு இருந்தது,
போஸ்னியாவிலிருந்து வந்த வருஷம்.
அதில் என் பெயரில் ஓர் எழுத்து குறைவு.
அந்தக் குறைந்த பெயரில்தான் இன்றும் வரி கட்டுகிறேன்.

ஜூனில் ஒரு சனிக்கிழமை
வங்கியிலிருந்து முப்பது பேர், ஒரே நிறச் சட்டையில்,
சேவை செய்ய வந்தார்கள்.
நல்லவர்கள். கையுறைகூடக் கொண்டுவந்திருந்தார்கள்.
களை எடுங்கள் என்றதும் எடுத்தார்கள்,
பதினான்காம் பாத்தியை, வேரோடு,
அவ்வளவு நேர்த்தியாக.

இரண்டு பஸ் மாறி நபிந்து வந்தபோது
பாத்தி துடைத்த சிலேட்டு.
ஓரத்தில் அம்பாரமாய் லெங்காலெங்கா,
அவள் ஊர்க் கீரை, வெயிலில் துவண்டு.
தண்ணீர்ப் பொறுப்பாளர் டேல் ஓஸ்ட்பி
தொப்பியைக் கழற்றினார்.
"இதை இங்கே பன்றிக்களை என்போம், மேடம்..."
யாரும் மொழிபெயர்க்கவில்லை.

அவள் என்னைத் திட்டினாள்.
டேலை அல்ல, வங்கியை அல்ல,
ஆம் என்று கோடு போட்டவளை.
எனக்குத் தெரிந்த பத்து சுவாஹிலி வார்த்தைகளில்
ஒன்றுகூட அதில் இல்லை.

இரண்டு வாரம் பாத்திப் பக்கம் அவள் வரவில்லை.
கோப்பு மூடிய வீட்டின் கதவைத் தட்ட
எனக்குக் காரணம் கிடையாது.
காரணமில்லாமல் தட்டினேன்.
கீழே டேல் வண்டியை அணைக்காமல் காத்திருந்தார்.

அவருடைய பீட்ரூட் வயலின் வாய்க்கால் ஓரம்
இடுப்புயரம் அதே கீரை, காடாக.
"நாற்பது வருஷம் மருந்தடித்தேன், சாகவில்லை.
இந்த வருஷம்தான் அடிக்கவில்லை."
குரலில் பாதி வெட்கம், பாதி பெருமை.
நபிந்து ஓர் இலையைக் கிள்ளி மென்றாள். துப்பினாள்.
முற்றல்.
பிறகு முந்தியை விரித்தாற்போல் துணியை விரித்து
கொழுந்தாய்ப் பார்த்துக் கிள்ளத் தொடங்கினாள்.
இருட்டும்வரை நிமிரவில்லை.

சந்தையில் கட்டு மூன்று டாலர்.
பலகையில் எழுதியது டேல்.
அவர் வீட்டுக்கும் ஒரு கட்டு எடுத்தார்.
மூன்று டாலரையும் வாங்கிக்கொண்டாள்.

புதன் இரவு இரண்டு மணிக்கு எங்கள் முறைத்தண்ணீர்.
என் வேலைப் பட்டியலில் அது இல்லை.
நெற்றி விளக்கோடு அவள் எதிரே வந்து
என் பூட்ஸைப் பார்த்துச் சிரித்தாள்;
இடது வலது மாற்றிப் போட்டிருந்தேன்.
மடைப்பலகை ஊறிக் கனத்திருந்தது.
அவள் ஒரு முனை, நான் ஒரு முனை.

திறந்ததும் தண்ணீர்
எங்களைக் கேட்காமல் பல் மருத்துவரின் வெண்டைக்குப் போனது.
நிலத்தின் வாட்டம் அப்படி.
மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் ஓடினாள்.