பதினைந்து பிரிக்ஸ்

பரதராமி சோதனைச்சாவடி தாண்டி
மூன்றாவது கிலோமீட்டரில் எங்கள் மாங்கூழ் ஆலை.
ஆந்திரம் வரவேற்கிறது என்று
போர்டுக்கு முன்னாலேயே போன் சொல்லிவிடும்.

ஜூன் மாதம். கிளிமூக்கு மாம்பழம்
டிராக்டர் டிராக்டராய் ரோட்டோரம் காத்துக் கிடக்கிறது.
விலையைக் கேட்டதும் வரும் கெட்ட வார்த்தை
தெலுங்கிலும் தமிழிலும் ஒரே நீளம்.

என் வேலை இனிப்பை அளப்பது.
கண்ணாடியில் ஒரு சொட்டுக் கூழ்,
மூடி, வெளிச்சத்துக்குத் தூக்கி, ஒற்றைக் கண்ணால் பார்த்தால்
நீலமும் வெள்ளையும் முட்டிக்கொள்ளும் கோடு.
பதினைந்து என்றால் டின்னில் அடை.
பன்னிரண்டு என்றால் மேனேஜரைக் கூப்பிடு.
பதினேழு வருஷமாய்.
ருசி பார்ப்பீர்களா என்று எல்லாரும் கேட்பார்கள்.
இல்லை என்பேன்.

இடது புஜத்தில் அஞ்சு ரூபாய்க் காசு அளவில்
இப்போது என்னையும் ஒன்று அளக்கிறது.
கம்பெனி இன்சூரன்சில் தொண்ணூறு நாளைக்குக் கொடுத்தார்கள்,
கூடவே ஒரு குரலையும்.

ஹெலன் சுகிர்தா.
எந்த ஊர் என்று கேட்டேன், 'போனுக்குள்ள சார்' என்றார்.
தினமும் காலை ஏழே கால்.
"முனிரத்தினம் சார், ராத்திரி ரெண்டு மணிக்கு
ஒரு மலை தெரியுதே?"
கேட் ஓரத்து போண்டாவை மலை என்று
அதுவரை யாரும் சொன்னதில்லை.
"தூக்கம் இல்லைம்மா" என்றேன். அதுவும் பொய்யில்லை.

சாப்பாட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்.
ராகிக் களி, முருங்கைக் கீரை, ஒரு முட்டை.
அந்த ஒரே படத்தைப்
பதினோரு நாள் அனுப்பினேன்.
பன்னிரண்டாம் நாள்:
"சார், அந்த ஈ இன்னும் கீரை மேலயே உக்காந்திருக்கு."

திட்டவில்லை.
திட்டு வாங்கினால் கணக்கு தீர்ந்துவிடும்,
அந்த வசதியை அவர் எனக்குத் தரவில்லை.
உங்க வேலையைப் பத்திச் சொல்லுங்க என்றார்.
நூறு கிராமில் எத்தனை கிராம் சர்க்கரை,
தோராயமாய் அதுதான் பிரிக்ஸ் என்றேன்.
சத்தமே இல்லை.
டவர் மாறிவிட்டதோ என்று பார்த்தேன்.
எழுதிக்கொண்டிருந்தார்.

"ஏறுறது மட்டும் இல்ல சார், இறங்குறதும் ஆபத்து.
எழுபதுக்குக் கீழ போனா பதினஞ்சு கிராம் சர்க்கரை,
பதினஞ்சு நிமிஷம், திரும்பப் பாருங்க."
சரி சரி என்றேன், சட்டைப் பையில் பீடி தேடிக்கொண்டே.

அந்த ராத்திரி பாய்லர் நின்றது.
மாத்திரை போட்டாகிவிட்டது, கேரியர் திறக்கவில்லை.
மூன்று மணி சுமாருக்கு
கண்ணாடிக்குள் ஒரு கோடு இரண்டாயிற்று.
முதுகெல்லாம் வேர்வை. விரல்கள் என் பேச்சைக் கேட்கவில்லை.
போன் அதிர்ந்தது: ஐம்பத்து நான்கு.
ஹெலன் நம்பரை அழுத்தினேன்.
இந்த மாநிலத்துக் கோபுரமும் இல்லை, அந்த மாநிலத்துக் கோபுரமும் இல்லை.
இருந்தாலும்தான் என்ன,
ஏழே காலுக்குத்தானே அந்தக் குரல் விழிக்கும்.

மேசையில் சாம்பிள் இருந்தது.
என் கையெழுத்திலேயே சீட்டு: பதினைந்து.
தராசில் பீக்கரை வைத்து, நடுங்க நடுங்க ஊற்றினேன்.
தொண்ணூற்றாறு. நூற்று நாலு. ஒரு சொட்டு திரும்ப எடுத்து
நூறு.
கவிழ்த்த கிரேட்டில் உட்கார்ந்து குடித்தேன்.
குடித்திருக்கிறேன், முன்பும், எத்தனையோ தடவை,
கதவுக்கு முதுகு காட்டி.
அளந்து குடித்தது அன்றுதான்.
லேசாய் இரும்பு வாசனை, பிறகு புளிப்பு,
அப்புறம்தான் மாம்பழம்.

சுவர்க் கடிகாரம். பதினைந்து நிமிஷம்
அவ்வளவு பெரியது என்று தெரியாது.
விரலைக் குத்திப் பார்த்தேன்: எண்பத்தொன்று.
பாதிக் களி சாப்பிட்டேன், கை கழுவாமல்.

ஏழே கால்.
மஞ்சள் ஒட்டிய பீக்கரின் படத்தை முதலில் அனுப்பினேன்.
பாராட்டுவார் என்று நினைத்தேன்.
"மீதிக் களி எங்க சார்?"

தமிழ்நாடு வரவேற்கிறது என்றது போன்.
மடியில் கேரியரைத் திறந்து படம் எடுத்தேன்.
பஸ் குலுங்கி மங்கலாய் வந்தது.
அப்படியே அனுப்பினேன்.