நிறை

ஏலத்தில் எடுத்த சிங்கிள் கெப்பின் கதவில்
பிய்த்தெடுத்த ஸ்டிக்கரின் தழும்பு.
சுனாமிக்குப் பிறகு வந்துபோன ஏதோ நிறுவனம்
எழுத்தைச் சுரண்டிக்கொண்டு போயிருக்கிறது.
வெயில் தொடாத இடம் மட்டும் பளிச்சென்று:
ஒரு உள்ளங்கை, அதன்மேல் ஒரு வீடு.

“தேய்ச்சுப் பெயின்ற் அடிப்பமா?”
இஸ்ஸதீன் கேட்டார்.
கிருபாஜினி குனிந்து பார்த்தாள்.
“அது கிடக்கட்டும் நானா. எஞ்சினைப் பாருங்க.”

டீசல். இருபத்தொன்பது வயது.
காலையில் இரண்டு தரம் இருமி
மூன்றாம் தரம் எழும்பும்.
நீலப் புகையென்றால் எண்ணெய் குடிக்கிறது,
வெள்ளையென்றால் ஹெட் போய்விட்டது,
இது கறுப்பு,
இன்ஜெக்டர் நாலையும் கழற்றிக் கழுவினால் சரி என்றார்,
சைலன்சரில் பிடித்த கைலேஞ்சியை
என் முகத்துக்கு நேரே விரித்து.

கல்முனையில் அவருக்குத் தொழில்
மீன் லொறிக்குப் பெட்டி அடிப்பது.
அலுமினியத் தகடு, நடுவில் றிஜிபோம், மறுபடி தகடு;
ஐஸ் இரண்டு நாள் நிற்கும்.
நாங்கள் கொடுத்த படத்தைத்
தலைகீழாகவும் ஒருதரம் பார்த்துவிட்டு
“மீன் பெட்டிக்கு ஜன்னல் வைச்சா இதானே” என்றார்.

ஆறடிப் பலகைக் கட்டில்,
அதற்கடியில் அறுபது லீற்றர் தண்ணீர்,
பின்கதவைச் சாய்த்தால் அதுவே அடுப்பு மேசை.
கூரையை இன்னும் ஓரடி உயர்த்தக் கேட்டேன்.
“பாலை மரக் கொப்பு உங்கட கூரையைக் கேக்கும் சேர்,
குனிஞ்சே இருங்க.”
குனிந்தே இருக்கிறேன்.

மின்சார சபையில் வேலை செய்கிறவள் வீட்டில்
நான் ஒரு பல்பு மாற்றியதில்லை.
இரண்டாவது பற்றரி, நூறு வோட் சூரியத் தகடு,
ஒவ்வொரு வயருக்கும் ஒரு பியூஸ்,
ஒவ்வொரு பியூஸுக்கும் அவள் கையெழுத்தில் ஒரு பெயர்.
ஒன்றில் மட்டும் ‘சும்மா’ என்று எழுதியிருந்தாள்.
“பிறகு ஏதாவது வரும்.”

சம்மாந்துறையில் சிறுபோக அறுவடை நேரம்.
அரிசி ஆலைத் தராசு மேடைக்கு
நெல் லொறிகளின் பின்னால் நாங்களும் நின்றோம்.
கூண்டுக்குள்ளிருந்த பெடியன் தலை நிமிராமல்
“நாடா, சம்பாவா?”
“வீடு” என்றாள் கிருபாஜினி.
அவன் அப்படியே எழுதினான்.
சரக்கு: வீடு.

வெறும் வண்டி ஆயிரத்து அறுநூற்றுப் பத்து.
இப்போது இரண்டாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூறு.
எழுநூற்று எண்பது கிலோ கூட,
பின் ஸ்பிரிங்குக்கு இன்னும் இரண்டு பட்டை வேண்டும் என்றேன்.
அவள் துண்டை மடித்தபடி,
“தொண்ணூறில தம்பிலுவிலுக்கு
உழவு மெசின் பெட்டியில வரக்குள்ள
ஆட்டுக்கல்லையும் ஏத்தினம்.
அண்டைக்கு ஒருத்தரும் நிறுக்கல்ல.”
பிறகு துண்டை டாஷ்போர்டில் போட்டு
“பட்டை மூண்டாப் போடச் சொல்லுங்க.”

ஐப்பசி முதல் மழை.
சாகாமம் தாண்டிக் கஞ்சிகுடிச்சாற்றுப் பக்கம்
டயர்க் காற்றை இருபது இறாத்தலுக்கு இறக்கி
நாலு சில்லையும் பூட்டி, லோ கியரில்.
சேறு பிடித்தது, விட்டது, பிடித்தது,
ஓரிடத்தில் விடவேயில்லை.
ஒரு மணித்தியாலம் மண்வெட்டி, இரண்டு நெல் சாக்கு,
அவள் ஓட்ட நான் தள்ள
என் மேலெல்லாம் கறுப்பாய்க் கக்கிவிட்டு ஏறியது.
கதவில் சேறு அப்பி உள்ளங்கை மறைந்திருந்தது.
வீடு தெரிந்தது.

குளக்கட்டில் மட்டும் சிக்னல்.
இருட்டிய பிறகு இஸ்ஸதீன் கோல் எடுத்தார்.
“என்ன, மீனெல்லாம் பழுதாகாமக் கிடக்கா?”
“கிடக்கு நானா. தலைமாட்டில ஒரு சொட்டு ஒழுகுது.”
“எந்த மூலை?”
“இடது.”
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
“அது அஸருக்குப் பாங்கு சொல்லக்குள்ள
அவசரத்தில பூட்டின ஆணி.”