பச்சவெள்ளம்

முதலில் கண்டது எறும்புகள்தான்.
போடியில், விடியாத நாலரை மணிக்கு
வண்டிக்கடியில் டார்ச்சை நீட்டினேன்.
முன் ஆக்ஸிலுக்கு நேர் கீழே
உள்ளங்கை அகலத்துக்கு ஈரம்,
அதைச் சுற்றிக் கறுப்பாய் ஒரு கூட்டம்.

விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன்.
இனித்தது. துப்பினேன்.
மழைத்தண்ணி இனிக்காது, டீசல் இனிக்காது.
ஏழு வருஷத்துக்கு முன் என் சுகரையும்
கக்கூஸ் கல்லில்
இந்தச் சாதி எறும்புதான்
டாக்டருக்கு முன்னால் கண்டுபிடித்தது.

தொண்ணூற்றி நாலு மாடல் கமாண்டர்.
பின் சீட்டுக்கடியில் தகடு துருத்துப்போய்
காலிடுக்கில் ரோடு ஓடுவது தெரியும்.
ஏலத்தோட்டத்துக்குப் போகும் பதினாலு பெண்கள்
மெட்டு ஏறும்வரை
ஒருத்தி தோளில் ஒருத்தி தூங்குவார்கள்.
நான் ஊசியைப் பார்ப்பேன்.

வண்டி வாங்கிய முதல் மாதமே
பூப்பாறை குருவிளா சொல்லியிருந்தான்:
"சேட்டா, பச்சவெள்ளம் ஒழிக்கருது."
அப்போது அவன் கையிலிருந்த கேனில்
பச்சையாய் ஏதோ ததும்பியது.
சரி, அதைத்தான் ஊற்றக் கூடாதாக்கும் என்று
ஒரு வருஷம் முழுக்க
ஓடைத்தண்ணியாய் ஊற்றினேன்.
நம்ம பக்கமும் பச்சைத்தண்ணி என்றால்
வெறும் தண்ணிதானே என்று
எனக்கு உறைத்தபோது
ரேடியேட்டர் வயிற்றில் கடுங்காப்பி நிறம்.
வார்த்தை ஒன்றுதான்.
கேன்தான் கெடுத்தது.

இப்போது உப்புத்தாளின் முதுகில்
எழுதிக் கொடுக்கிறான் குருவிளா.
கோர் மாற்ற ஒன்பதாயிரம்.
வாட்டர் பம்ப் மூவாயிரத்து இருநூறு.
மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், கிளிப்பு.
ஹெட்டு வளைந்திருந்தால், என்று எழுதியவன்
அதற்கு நேரே தொகை போடவில்லை.
பேனாவைக் காதில் செருகிக்கொண்டு
டீ சொல்லப் போய்விட்டான்.

கம்பத்துக் காயலான் கடை சிக்கந்தர்
ஓட்டிக்கொண்டு வந்தால் நாற்பத்திரண்டு தருவாராம்,
கட்டி இழுத்து வந்தால் முப்பத்தெட்டு.
அந்த நாலாயிரத்துக்குள்தான்
நான் தினமும் மலை ஏறி இறங்குகிறேன்.
வண்டியை ஒரு வாரம் ஷெட்டில் விட்டால்
சில்லமரத்துப்பட்டிக்காரன் பொலேரோவில்
பதினாலு பேரும் ஏறிவிடுவார்கள்.
அதில் தகடு ஓட்டையில்லை,
பாட்டும் போடுகிறான்.

போன வியாழன் பதினோராம் வளைவில்
போனட்டுக்கு மேலே வெள்ளையாய்ப் புகைந்தது.
தூக்கம் கலைந்து இறங்கினார்கள்.
வீருசின்னு தன் பாட்டிலை நீட்டினாள்.
"ஊத்துண்ணே. நாங்க காட்டுல
ஓடையில மோந்துக்கிருவோம்.
வாடகையில மட்டும்
பாட்டிலுக்கு அஞ்சு ரூவா கழிச்சிரு."
அவள் சிரிக்கவில்லை.
ஆறு பாட்டில் பிடித்தது.
கழித்தேன்.

கீழ் ஹோஸை மட்டும் மாற்றினேன்.
ஓட்டை தெரிந்த இடத்தில் ஈயம் வைத்தான்.
ஆயிரத்து நூற்றைம்பது, ஐம்பது கடன்.
பம்ப் அடுத்த மாதம் என்றேன்.
"பம்ப்பினோடு பறஞ்ஞோ?" என்றான்.

இன்று காலை டார்ச் அடித்தேன்.
தரை காய்ந்திருந்தது. எறும்பில்லை.
ஓட்டை அடைந்ததா, ஒழுக மிச்சமில்லையா.
மூடியைத் திறந்து பார்த்திருக்கலாம்,
இன்ஜின் குளிர்ந்துதான் கிடந்தது.
பார்க்கவில்லை.
மாத்திரை தீர்ந்து மூன்று வாரம்,
ரத்தம் கொடுக்கவும் போகவில்லை,
அதே ஆள்தானே நான்.

போடிமெட்டு செக்போஸ்ட்.
பெண்கள் இறங்கிக் கால் உதறுகிறார்கள்.
தோட்டத்து சூப்பர்வைசர் போனில் கத்துகிறான்.
ஊசி பாதிக்குக் கொஞ்சம் மேலே,
அல்லது ஊசியும் கெட்டுப்போயிருக்கலாம்.
மூடிமேல் துணியைப் போட்டுக்
கையை வைத்தேன், எடுத்துவிட்டேன்.
"என்னண்ணே, நிறைய இருக்கா?" என்கிறாள் வீருசின்னு,
பாட்டிலை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு.

ஆறட்டும்.