டோக்கன்

எங்கள் வீட்டில் இரண்டு போன்கள் இரவில் தூங்குவதில்லை.
அவனுடையதில் ஆள் பேசும்:
"தணிகைவேல், ரெண்டு மணி நேரத்துல சரக்கு வண்டி,
ஜோலார்பேட்டை பக்கம்."
என்னுடையதில் ஆள் இல்லை.
எங்கோ குளிரூட்டிய ஓர் அறையில்
ஏதோ ஒரு வரிசை நிரம்பி வழிகிறதென்று
தலையணைக்கு அடியில் கிடந்து துடிக்கும்.
ஐந்து நிமிடத்துக்குள் திரையைத் தொட வேண்டும்.
தொடாவிட்டால் புனேயில் தேஷ்பாண்டே எழுவார்.

மதிவதனிக்கு ஆறு வயது.
துடிப்பது எந்த போன் என்று
கண்ணைத் திறக்காமலே தெரியும் அவளுக்கு.
அப்பாவுடையது என்றால் புரண்டு படுப்பாள்.
என்னுடையது என்றால்
என் நைட்டியின் நுனியைச் சுருட்டிப் பிடித்துக்கொள்வாள்.

இதற்கு நடுவில் எம்.டெக்.
சனிக்கிழமை காலை காட்பாடியிலிருந்து ஷேர் ஆட்டோ.
பாலாற்றுப் பாலத்தில் எப்போதும் நெரிசல்.
தண்ணீரில்லாத ஆற்றைக் கடப்பதற்குள்
மூன்று பக்கம் படித்துவிடலாம்.
வீட்டில் அதுகூட முடியாது.

ஏப்ரலில் ஒருநாள்
முள்ளுக் கத்திரிக்காயைக் காம்பு கிள்ளிக்கொண்டே கேட்டான்:
"இன்னா படிக்கிற?"
ஒரு பொருள். கேட்பவர் இருவர்.
ஒரு சமயத்தில் ஒருவர் கையில்தான் இருக்கலாம்.
அதற்குப் பதினெட்டுப் பக்கம் என்றேன்.
சிரித்தான்.
"ஒத்தைத் தடத்துல அந்தக் காலத்துல
இரும்பு உருண்டை ஒண்ணு குடுப்பாங்க, டோக்கன்னு.
அது கையில இருக்கறவன்தான் அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் போவான்.
இல்லாதவன் நிக்கணும்.
இதுக்கா இவ்ளோ பீஸ் கட்டின?"

அன்றிலிருந்து எங்களுக்கும் ஒரு டோக்கன்:
சீர்வரிசையில் வந்து தப்பிப்பிழைத்த
எவர்சில்வர் டம்ளர், கவிழ்த்தது.
என் லேப்டாப் மேல் இருந்தால் மதி என் பொறுப்பு.
அவன் தொப்பி மேல் இருந்தால் அவன் பொறுப்பு.
பேச நேரம் இல்லாத நாட்களில்
டம்ளர் மட்டும் இடம் மாறும்.

ஜூனில் ஓர் இரவு
அவன் பன்னிரண்டரைக்குக் கிளம்பிப் போனான்.
டம்ளர் என் பக்கம்.
இரண்டு நாற்பதுக்கு மதியின் கழுத்தைத் தொட்டேன்,
சுட்டது.
நூற்று மூன்று புள்ளி இரண்டு.
ஈரத்துணியைப் பிழிகிறேன்,
போன் துடிக்கிறது.

முட்டுக்கட்டைக்கு நான்கு நிபந்தனைகள்.
மூன்றாவது: பிடித்திருப்பவரிடமிருந்து
யாரும் பிடுங்கக்கூடாது.
நுனியைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தேன்.
எடுத்து விட்டிருக்கலாம். அவ்வளவு பலமான பிடியில்லை.
முதல் நிமிடம் மருந்து மூடியைத் திருகினேன்.
மூன்றாவது நிமிடம்
திரை வெளிச்சத்தில் சுவரில் பல்லி தெரிந்தது.
ஐந்தாவதில் நின்றுவிட்டது.
அதற்குப் பிறகுதான்
மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது.

தேஷ்பாண்டே ஒன்பது நிமிடத்தில் சரிசெய்துவிட்டார்.
அறிக்கையில் ஒரு கட்டம்: ஏன் யாரும் பதிலளிக்கவில்லை?
'மகளுக்கு 103.2' என்று எழுதினேன்.
அவர் அதை 'நெட்வொர்க்' என்று மாற்றினார்.
என் நல்லதற்குத்தான்.
இன்னும் உறுத்துகிறது.

தேர்வில் நான்காம் கேள்விக்கு இரும்பு உருண்டையை எழுதினேன்.
பத்துக்கு ஏழு.
டம்ளரை எழுதவில்லை.

அதெல்லாம் பிறகு.
அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு
டீசல் வாசனையும் பிரிக்காத இட்லிப் பொட்டலமுமாக
அவன் உள்ளே வந்து
என் முகத்தைப் பார்க்குமுன் லேப்டாப்பைப் பார்த்தான்.
தொப்பி ஆணியைப் பார்த்தான்.
எங்கும் இல்லை.

மதியின் தலைமாட்டில் இருந்தது டம்ளர்,
நிமிர்ந்து, பாதிக் கஞ்சியோடு.
அவன் கை நீட்டினான். நானும்தான்.
"இன்னும் குடிக்கல," என்றாள்,
இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு.
"ரெண்டு பேரும் வெயிட் பண்ணுங்க."