மூன்று பன்னிரண்டு

கிளாக்ஸ்விக் துறைமுகத்தில்
படகுகளுக்கு இடம் ஒதுக்கும் நிரல்
தினமும் பின்னிரவு மூன்று பன்னிரண்டுக்குச் சாகும்.
ஏன் என்று சொல்லாது.
ஊமைப் பிசாசு என்பான் ஹெக்னி.

ரன்வா அமைப்புக் கோப்பைத் திறந்தாள்.
லோக்கல் மூன்று, புள்ளி, நட்சத்திரம்,
அப்புறம் டேப். ஸ்பேஸ் அல்ல, டேப்
(இதைக் கண்டுபிடிக்க ஒரு திங்கட்கிழமை முழுசாய்ப் போனது).
அப்புறம் பாதை.
பாதை முடியும் இடத்தில்
பூஜ்ஜியம் பைட்டில் ஒரு வெற்றுக் கோப்பு.
பதிவுச் சேவையை ஒரு தட்டு தட்டி எழுப்பிவிட்டு
வீட்டுக்குப் போனாள்.

காலையில், ஈர மேல்கோட்டைக் கழற்றுமுன்
எட்டிப் பார்த்தால்
நாலாயிரத்துச் சொச்சம் வரிகள்.
எல்லாம் ஒரே வரி:
வானிலை நிலையம் ஆறு, பதில் இல்லை, மீண்டும் அழைக்கிறேன்.

ஆறாம் நிலையத்தைப்
போன நவம்பர்ப் புயல் பாறையோடு பெயர்த்துக்
கடலில் போட்டது.
ஊருக்கே தெரியும்.
இதனிடம் யாரும் சொல்லவில்லை.

ஹெக்னி ஒன்றும் பேசாமல்
அந்த முகவரியை அழித்தான்.
நட்சத்திரத்தையும் எடுத்துவிடலாமா,
பிழைகள் மட்டும் போதுமே என்றான்.
வேண்டாம், வட்டில் இடம் கிடக்கிறது
என்றாள் ரன்வா.

மூன்று பதின்மூன்று:
மீன்படகு ஒன்று உள்ளே. துறை நான்கு.
காற்று தெரியவில்லை.