முதலிய

குலசேகரம் சந்தைக்குப் பின்னால்
சங்க ஆபீசில் பதினொரு பேர்.
தகரத்தில் மழை.
"பிரதிநிதி பேசுவார்" என்றார் ஜஸ்டஸ்.
போன மாதம் வரை அவருக்கு நான்
"ஏ பிள்ளே"தான்.

முதலில் கேட்டது மேபல்:
"அங்க மீன் உண்டுமா?"
இல்லை.
பருப்பு, பன்னீர், மறுபடி பருப்பு.
மூன்றாம் நாள் ஒரு வங்காளத்துத் தோழர்
ஊறுகாய்க் குப்பியைத் திறந்து
மேசை முழுக்க நீட்டினார்.
அரசியல் அறிக்கையைவிட
அது எனக்கு நன்றாக மனசிலாச்சு.
சிரித்தார்கள்.
ஜஸ்டஸ் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

இரண்டு இரவு, இரண்டு பகல் ரயில்.
கழுத்தில் அட்டை.
பெயரில் ஓர் எழுத்து பிழை,
ஊர் மட்டும் சரி.
பார்த்தவர்களெல்லாம் "ஓ, கன்யாகுமாரி!" என்று
காற்றில் தேசத்தை வரைந்து
கீழ்முனையில் விரலை வைத்தார்கள்.
கடல், சூரியன், பாறை.
நான் மலைப்பக்கம், ரப்பர் என்றேன்.
அழிக்கிற ரப்பரா என்பதுபோல்
பார்த்தார் ஒருவர்.

மேடையில் எல்லோரும் சொன்னார்கள்,
காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை.
அது மட்டும் காதுக்கருவி இல்லாமலே விளங்கியது.
ஒவ்வொரு தடவையும்
வகுப்பில் பெயர் கூப்பிட்டதுபோல்
நாற்காலியில் நிமிர்ந்தேன்.
முப்பத்தேழு தடவை.
அப்புறம்தான் உறைத்தது,
யாரும் நம்மைக் கூப்பிடவில்லை.
அவர்கள் மூச்சு வாங்குகிற இடம்
நம்ம ஊர், அவ்வளவுதான்.

தோட்டத் தொழிலாளர் தீர்மானம் மூன்றாம் நாள்.
பத்தி பதினாலு:
'தேயிலை, காப்பி முதலிய தோட்டங்களில்...'
விரல் வைத்து இரண்டு முறை தேடினேன்.
திருத்தச் சீட்டு வாங்கி
ஒரே ஒரு சொல் எழுதினேன்: ரப்பர்.
காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுத?
விடியுமுன் மூன்றரைக்கு
நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
நானூறு மரம் சுற்றுகிறவள் என்றா?
மழை பெய்தால் வெட்டு இல்லை,
வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை என்றா?
கட்டம் தீப்பெட்டி அளவு.
'விடுபட்டுள்ளது' என்று எழுதிக் கொடுத்தேன்.

எழுநூற்றுச் சொச்சம் திருத்தங்களாம்.
கண்ணாடி போட்ட ஒருவர் பதில் வாசித்தார்.
ஒரு மூச்சு பிந்தி வந்தது தமிழ்:
"தோழரின் உணர்வை ஏற்கிறோம்.
முதலிய என்பதில் ரப்பரும் அடங்கும்.
வலியுறுத்துகிறீர்களா?"
மண்டபம் திரும்பிப் பார்த்தது.
இல்லை என்றேன்.

இதை இங்கே சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான்
வரும் வழியெல்லாம் நினைத்திருந்தேன்.

ஓட்டெடுப்பில் எல்லோரோடும் அட்டையைத் தூக்கினேன்.
கைகூடத் தட்டினேன்.

விஜயவாடா தாண்டி
மேல் பெர்த்தில் உறக்கம் வராமல்
அந்தச் சொல்லைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன்.
முதல் என்றுதான் தொடங்குகிறது.
முதலாளியும் அதில்தான் தொடங்குகிறான்.
நமக்கு மட்டும் அதில்
கடைசிக்கும் பிந்திய இடம்.

முடித்தேன்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
மேபல்தான் கேட்டாள்,
"வலியுறுத்தியிருந்தா என்ன செய்திருப்பாவ?"
தெரியாது என்றேன்.
மழை இன்னும் கொஞ்சம் வலுத்தது.

ஜஸ்டஸ் மினிட்டு நோட்டை வாசித்தார்:
'மேபல், கென்னடி, தங்கப்பன் முதலியோர்
கலந்துகொண்டனர்.'
"அத வெட்டும்."
"எத?"
"முதலியோரை."
இடமில்லை என்றார், வரி முடிந்துவிட்டது என்றார்.
பேனாவை நானே வாங்கினேன்.
ஓரத்து வெள்ளையில் நெருக்கி நெருக்கி
ராஜகலா, சிறுபுஷ்பம், சோமனின் மருமகள் பிந்து...
ஒன்பதாவது பெயரில் மை தீர்ந்தது.
மீதி இரண்டையும் அழுத்தி எழுதினேன்.
பால் வற்றிய பட்டையில் கத்தி போவதுபோல்
தடம் மட்டும் விழுந்தது.

வெளியே மழை விடவில்லை.
நாளைக்கு வெட்டு இருக்காது.